கேமை விற்கும் முன் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

முடித்த கேமை விற்று, வந்த பணத்தோடு கொஞ்சம் போட்டு அடுத்த கேமை வாங்குவது இன்றும் நல்ல வழிதான். நான் விளையாடியவற்றில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. ஆனால் கையில் டிஸ்க் இருந்தாலே விற்றுவிடலாம் என்ற காலம் போய்விட்டது. டிஸ்க் இருந்தும் விற்க முடியாத கேம் உண்டு, உள்ளே கேமே இல்லாத கார்டை விற்க முடிவதும் உண்டு. எது எப்படி என்று காசு கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் கம்ப்யூட்டர் கேம் ஒன்று வாங்கினேன். பெட்டி புதுசு மாதிரி இருந்தது, டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை, கையேட்டின் பின் அட்டையில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு கோட் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து இன்ஸ்டால் செய்தேன், முக்கால் மணி நேரம் ஓடியது, கடைசியில் கோட் கேட்டது. அடித்தேன். இந்தக் கோட் ஏற்கெனவே வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கேம் முழுசாக என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, திறக்க வழியில்லை. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவரும் குழம்பினார். பெட்டி, டிஸ்க், புத்தகம் எல்லாம் கொடுத்துவிட்டேனே என்றார். அவர் ஏமாற்றவில்லை. வீடு என் கையில், சாவி அவருடைய கணக்கில் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்று சொல்வது இந்தப் பூட்டைத்தான். காசு கொடுத்தவர் மட்டும்தான் விளையாடுகிறாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு. சரிபார்ப்பது எதை வைத்து என்பதில்தான் விற்பனையே நிற்கிறது. அதனால் எந்தக் கேமை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒருவருடைய கருவியில், அவருடைய கணக்கில் போட்டால் ஓடுமா? ஓடும் என்றால் விற்கலாம். ஓடாது என்றால், நீங்கள் எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் விற்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

சாவி டிஸ்க்கில் இருந்தால்

பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் இவற்றில் டிஸ்க் கேமைப் போட்டதும் முழுதும் உள்ளே இருக்கிற சேமிப்பகத்துக்கு நகலாகிவிடுகிறது. அதற்கு அப்புறமும் டிஸ்க் உள்ளே இருந்தால்தான் கேம் திறக்கும். எல்லாம்தான் உள்ளே ஏறிவிட்டதே, இன்னும் எதற்கு டிஸ்க் என்று எரிச்சல்படுகிறவர்கள் நிறைய. அந்த எரிச்சலுக்குப் பின்னால் இருப்பதுதான் உங்கள் மறுவிற்பனை உரிமை. டிஸ்க்தான் சாவி என்பதால், டிஸ்க் கை மாறினால் கேமும் கை மாறுகிறது. உங்கள் கணக்கை யாரும் கேட்பதில்லை.

இது தானாகக் கிடைத்த சலுகை என்று நினைக்க வேண்டாம். 2013 மே மாதம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டபோது, டிஸ்க்கில் வாங்கினாலும் கேம் கணக்கோடு பிணைக்கப்படும், கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய கேமை விற்பதற்குத் தனி விதிகள் என்று திட்டம் இருந்தது. ஜூன் மாதக் கண்காட்சியில் எதிர்ப்பு கிளம்பியது. பிளேஸ்டேஷனைத் தயாரிக்கிற சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது: ஒருவர் கேம் பெட்டியை எடுத்து பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இன்றைக்கு டிஸ்க்கை நாம் விற்க முடிகிறதென்றால் அன்றைக்குக் கத்தியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் டிஸ்க் சாவியாக இருக்கிறது என்பதால் டிஸ்க்கில் கேம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 85 எம்பிதான், மிச்சமெல்லாம் டவுன்லோட். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கை சீரிஸ் எக்ஸ்-ல் போட்டாலும் இதே கதை, டிஸ்க்கைப் பார்த்துவிட்டு கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. இவற்றை விற்கலாம், தடையில்லை, ஆனால் மிச்சத்தை இறக்கித் தருகிற சர்வர் இருக்கிற வரைக்கும்தான் உங்கள் டிஸ்க்குக்கு மதிப்பு.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-வில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: கேம்-கீ கார்டு. பார்க்க சாதாரண கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. முதல் முறை போடும்போது இணையம் வேண்டும், முழு கேமும் இறங்கும், அதன்பின் இணையம் இல்லாமலும் ஓடும், ஆனால் கார்டு உள்ளே இருக்க வேண்டும். அதாவது வெறும் சாவி. பெட்டியின் முன்பக்கத்தில் கீழே பட்டையாக அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது அந்தப் பட்டையைப் பாருங்கள். பலருக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும் முழு கேம் உள்ள கார்ட்ரிட்ஜ்தான் பிடிக்கும். ஆனாலும் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: கேம்-கீ கார்டைக் கடன் கொடுக்கலாம், விற்கலாம். பெட்டிக்குள் கார்டே இல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் கோட் மட்டும் வருகிற கேமை எதுவும் செய்ய முடியாது. இரண்டும் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி பெட்டியில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சாவி காகிதத்தில் இருந்தால்

கோட் என்பது ஒரு முறை மட்டும் திரும்புகிற சாவி. உள்ளிட்டதும் அது உங்கள் கணக்கில் கரைந்துவிடும். கம்ப்யூட்டர் கேம்களில் இது ரொம்பப் பழசு. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது பெட்டியில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் கணக்கில் சேர்த்துத்தான் விளையாட முடிந்தது. அதற்குப் பின் கம்ப்யூட்டர் கேம் பெட்டி என்பது அனேகமாக டவுன்லோட் நேரத்தை மிச்சப்படுத்துகிற ஒரு டிஸ்க் மட்டுமே. 2008-ல் ஸ்போர் கேமை முதலில் மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று வைத்தார்கள். அப்படிப்பட்ட பழைய டிஸ்க்கை இப்போது வாங்கினால் எத்தனை முறை மிச்சம் என்பது விற்கிறவருக்கே தெரியாது. ஸ்டீமுக்கு முந்தைய காலத்து டிஸ்க்குகள், இணையத்தையே தொடாதவை, அவற்றைத் தாராளமாக வாங்கலாம். மற்றபடி செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கேம் பெட்டி வாங்காதீர்கள், அலமாரியில் அழகுக்கு வைக்க என்றால் ஒழிய.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கன்சோல்கள் பக்கமும் இது வந்தது. 2010-லிருந்து சில ஆண்டுகள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மாதிரி நிறுவனங்கள் ஆன்லைன் பாஸ் என்று ஒரு கோடைப் பெட்டிக்குள் வைத்தன. டிஸ்க்கை விற்றால் கதைப் பகுதி ஓடும், இணையத்தில் மற்றவர்களோடு விளையாட வேண்டுமென்றால் உங்களிடமிருந்து அதை வாங்கியவர் தனியாகக் காசு கட்ட வேண்டும். 2013-ல் அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்து கேம் டிஸ்க் வாங்கும்போது பெட்டிக்குள் பயன்படுத்திய கோட் காகிதம் இருந்தால் இப்போது காரணம் புரியும்.

சாவி கணக்கில் இருந்தால்

ஸ்டீம், எபிக், பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர், நிண்டெண்டோ இஷாப் எதில் டிஜிட்டலாக வாங்கினாலும் விற்க முடியாது. நீங்கள் வாங்குவது உரிமம், அதுவும் உங்கள் பெயருக்கு மட்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல் வாங்குகிறவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கருவி மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அதற்கு வாங்குகிற ஒவ்வொரு கேமும் திரும்பி வராத காசு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பொருளாக வாங்கியதை விற்கலாம் என்பது பழைய, உறுதியான கொள்கை. 1908-ல் அமெரிக்காவில் ஒரு பதிப்பாளர் புத்தகத்தின் உள்ளேயே ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் வழக்குப் போடுவோம் என்று அச்சிட்டார், ஒரு கடை 89 சென்ட்டுக்கு விற்றது, உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி முடிந்தது என்பதுதான் சாரம். ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் கடைகள் மேல் வழக்குத் தொடுத்தபோது 2002-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கடைகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

டவுன்லோட் என்று வந்ததும்தான் சிக்கல். 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையற்ற உரிமத்தோடு டவுன்லோட் செய்த மென்பொருளை, தன்னிடம் உள்ள நகலை அழித்துவிட்டு விற்கலாம் என்றது. அந்த நம்பிக்கையில் பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பான யூஎஃப்சி-கே ஷ்வாசீர், ஸ்டீமை நடத்துகிற வால்வ் மேல் வழக்குப் போட்டு 2019-ல் கீழ்மன்றத்தில் ஜெயித்தது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். 2022-ல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, 2024 அக்டோபரில் நாட்டின் உச்ச மன்றமும் அதையே உறுதி செய்தது. கேம் என்பது வெறும் மென்பொருள் இல்லை, படம், இசை, கதை எல்லாம் சேர்ந்த படைப்பு, அதனால் மென்பொருளுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்பது காரணம். பழைய டிஜிட்டல் நகல் தேய்வதில்லை, புதிதுக்கு நேர்ப் போட்டியாகிவிடும் என்ற கவலையும் அதில் இருந்தது. அந்தக் கவலையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்கான விலையை வாங்குகிறவர் மட்டுமே கட்டுவது சரியில்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: இணையக் கடை வாங்குங்கள் என்று பட்டன் வைத்தால், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விற்க அனுமதிக்கவில்லை, குறைந்தபட்சம் உண்மையைச் சொல்ல வைத்தது.

அப்படியானால் கணக்கையே விற்றுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். விதிமீறல் என்பதை விடுங்கள், வாங்குகிறவருக்கு அது குழி. கணக்கு தொடங்கியபோது இருந்த மின்னஞ்சல், முதல் ரசீது, பழைய அட்டையின் கடைசி எண்கள் இவற்றைக் காட்டி பழைய சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது கேமோடு கன்சோல் விற்பனைக்கு என்று வருகிற விளம்பரங்களும் இதேதான். அந்த ஐம்பதும் அவர் கணக்கில் இருக்கிறது, கன்சோலில் இல்லை. கன்சோலுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மலிவாக கீ, அதாவது கோட், விற்கும் தளங்களில் எச்சரிக்கையாக இருங்கள். திருட்டு அட்டையில் வாங்கிய கீகளும் அங்கே கலந்து வருகின்றன, அட்டைக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்டதும் நிறுவனம் கீயை ரத்து செய்யும், உங்கள் கணக்கிலிருந்து கேம் காணாமல் போகும்.

டிஜிட்டலில் விற்க முடியாததற்கு ஈடாக சில வழிகள் உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், அதனால் வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீம் ஃபேமிலியில் ஆறு பேர் வரை ஒரே வீட்டுக்காரர்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்விட்சில் டிஜிட்டல் கேமைக் குடும்பக் குழுவில் உள்ளவருக்கு இரண்டு வாரம் கடன் கொடுக்கலாம். ஜிஓஜி தளத்தில் டிஆர்எம் இல்லாமலே கேம் கிடைக்கிறது, இன்ஸ்டாலரை இறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் அந்தக் கடை இல்லாமல் போனாலும் ஓடும். ஆனால் பூட்டு இல்லை என்பதால் விற்கலாம் என்று ஆகிவிடாது, அங்கேயும் கிடைப்பது உங்களுக்கான உரிமம்தான்.

விற்கும்போது

கதை கேம் என்றால் சீக்கிரம் முடித்து சீக்கிரம் விற்றுவிடுங்கள். இணையக் கடையில் முதல் தள்ளுபடி வந்த அன்றே பழைய டிஸ்க்கின் விலையும் இறங்கிவிடும்.

டிஸ்க்கை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். ஒளி ஒரு கோடாக ஓடும், டிஸ்க்கை மெதுவாகத் திருப்பினால் கீறல்கள் அந்தக் கோட்டில் மின்னி மறையும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிற மெல்லிய கீறல் பெரும்பாலும் பிரச்சினை செய்வதில்லை. வட்டமாக, பாதையோடு சேர்ந்து ஓடுகிற கீறல் மோசம். இன்றைய கன்சோல் டிஸ்க்குகளான ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் அது 0.6. அதனால்தான் ப்ளூ-ரேவுக்குக் கடினமான பூச்சு போட்டிருக்கிறார்கள், சாதாரணமாகக் கீறாது, ஆனால் ஆழமாகக் கீறினால் தப்பாது. டிவிடி, சிடிக்குச் செய்கிற மாதிரி இயந்திரத்தில் தேய்த்துப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள், அந்தப் பூச்சே போய்விடும். விரல் ரேகை என்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளியே துடைத்தால் போதும். பழைய சிடி கேம் என்றால் படம் உள்ள பக்கத்தையும் பாருங்கள். சிடியில் தகவல் அந்தப் பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி ஓட்டை மாதிரி புள்ளிகள் தெரிந்தால் அங்கே தகவல் போய்விட்டது.

கூடுதல் பகுதிகள் டிஸ்க்கோடு போகாது, அவை உங்கள் கணக்கில்தான் இருக்கும். முழுப் பதிப்பு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சிலவற்றில் கூடுதல் பகுதி கோடாகத்தான் வந்திருக்கும், அதை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிடுங்கள். கன்சோலையே விற்பதென்றால் முதலில் அது உங்கள் முதன்மைக் கருவி என்ற அமைப்பை எடுத்துவிட்டு, அப்புறம் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்கும்போது

விற்பவர் இணையத்தில் எடுத்த அட்டைப் படத்தை அனுப்பினால் ஏற்காதீர்கள், அவர் கையில் உள்ள டிஸ்க்கின் இரு பக்கமும் கேளுங்கள். முடிந்தால் நேரில் போட்டுப் பாருங்கள், முதல் மெனு வருகிற வரை.

கேம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடுவதற்கு ஐந்து நிமிடம் செலவிடுங்கள். தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுத்தியது. தனியாக விளையாடவும் சர்வர் தேவைப்பட்ட கேம் என்பதால் அதன் டிஸ்க் இப்போது வெறும் பிளாஸ்டிக். அதிலிருந்துதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கம் கிளம்பியது, 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அதன் மனுவுக்குப் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது.

பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பாக இருந்தாலும் ஓடும், ஆனால் கூடுதல் பகுதி வாங்கினால் டிஸ்க்கின் பகுதியும் உங்கள் கணக்கின் பகுதியும் ஒத்துப்போக வேண்டும். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை வைத்து 5-க்கு இலவசமாக மேம்படுத்தலாம் என்று விளம்பரம் சொன்னால், டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5-ல் அது நடக்காது.

ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. யாராவது அதை நகலெடுத்துக்கொண்டு அசலை விற்றால், இரண்டும் இணையத்துக்கு வரும்போது தடை உங்கள் மேல் விழலாம். அதனால் வாங்கியதற்கான ரசீதையும் பேசிய செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள், முறையிட அதுதான் உதவும்.

பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் போலி ரொம்ப அதிகம். கீழே பித்தளை நிறத் தொடுமுனைகள் இருக்கிற பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயர் நேர்த்தியாக அச்சாகியிருக்க வேண்டும். இன்னொன்று, பலவற்றில் சேமிப்பை ஒரு சின்ன பேட்டரிதான் தாங்குகிறது. விளையாடி, சேமித்து, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். சேமித்தது போயிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது, சால்டர் செய்து மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நான் விற்கும்போது எழுதுகிற விளம்பரம் இவ்வளவுதான்: டிஸ்க் உண்டு, முழு கேமும் டிஸ்க்கில், இணையம் இல்லாமல் ஓடும், கூடுதல் ஆடைக்கான கோட் பயன்படுத்திவிட்டேன், வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய கீறல், வந்து போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இப்படி எழுதினால் பேரம் பேசுகிறவர்கள் குறைகிறார்கள், வருகிறவர்கள் முடிவோடு வருகிறார்கள். அவர் எடுத்துப் போன பின் என் கன்சோலில் மிச்சமிருக்கும் அந்தக் கேமை அழித்துவிடுவேன். டிஸ்க் இல்லாமல் அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது தவிர வேறொன்றுக்கும் ஆகாது.